தொடக்க நாள் விதி

தொடக்க நாள் விதி என்பது, வீட்டு உரிமையாளருக்கும் கட்டட ஒப்பந்தக்காரருக்கும் இடையிலான கட்டுமான ஒப்பந்தத்தில், பணிக்கான காலக்கெடு எந்நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதை வரையறுக்கும் விதி ஆகும். கையொப்பமிட்ட நாளோ பூமி பூசை நாளோ தானாகவே தொடக்க நாள் ஆகிவிடுவதில்லை.

வகைகள்

* நிலையான நாள்: குறிப்பிட்ட ஒரு தேதி எழுதப்படும்.
* நிகழ்வு சார்ந்த நாள்: வரைபட அனுமதி, முன்பணம், மனை ஒப்படைப்பு ஆகியவற்றுள் இறுதியாக நிறைவேறுவதிலிருந்து கணக்கிடப்படும்.

முக்கியத்துவம்

"பணி தொடங்கியதிலிருந்து 300 நாட்களில் முடிக்கப்படும்" என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின், ஒப்பந்தக்காரர் ஆறு மாதம் கழித்துத் தொடங்கினாலும் 300 நாட்கள் அன்றிலிருந்தே எண்ணப்படும். அதுவரை உரிமையாளர் வீட்டு வாடகையையும், பெற்ற கடனுக்கான வட்டியையும் சேர்த்தே செலுத்த நேரிடும். எனவே நிகழ்வு சார்ந்த விதியுடன், எக்காரணம் கொண்டும் பணி தொடங்கியாக வேண்டிய கடைசித் தேதியையும் குறிப்பிடுவது பாதுகாப்பானது. மறுபுறம், மனையை ஒப்படைக்க உரிமையாளரே தாமதித்தால் அந்நாட்களை நீட்டிப்பாக அளிக்கும் விதி, ஒப்பந்தக்காரருக்குப் பாதுகாப்பாகும்.

சட்ட நிலை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 46 ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடப்படாத கடப்பாட்டை நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். எது நியாயமான காலம் என்பது ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பொறுத்தது. 55 ஆம் பிரிவின்படி, காலம் ஒப்பந்தத்தின் இன்றியமையாக் கூறாக இருந்தால், அது தவறும்போது பாதிக்கப்பட்டவர் ஒப்பந்தத்தை இரத்து செய்யலாம். அவ்வாறு இல்லையெனில் இழப்பீடு மட்டுமே கோர இயலும். தொடக்க நாள் தெளிவாக இல்லாதபோது, தாமதம் எத்தனை நாள் என்பதை நிறுவுவதே கடினமாகிவிடும்.