பிள்ளைக்கு என்ன பெயர்?

அண்மையில் குளத்தோரக் குடியேற்றம் ஒன்றில் குழந்தை ஒன்றுக்குத் திருமுழுக்குக் கொடுக்கச் சென்றிருந்தோம். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டதும் தாய் ஒரு பெயரைச் சொன்னார். எமக்கு விளங்கவில்லை. தந்தை திருத்திச் சொன்னார். அது வேறொரு பெயர் போலக் கேட்டது. பதிவேட்டில் எழுதவேண்டுமே என்று எழுத்துக் கூட்டும்படி கேட்டோம். தாய் 'ஷ' என்றார். தந்தை 'ச' என்றார். கைத்தொலைபேசியில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த தாய்மாமன் 'எக்ஸ்' என்றார். அம்மம்மா மட்டும், "என்ன பேரோ சுவாமி, எனக்கு வாயில வருகுதில்லை. நான் ராசா எண்டுதான் கூப்பிடுறன்" என்று சொல்லிச் சிரித்தார். பெயர் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, ஒரு படத்தில் வந்தது என்று தாய் வெட்கத்தோடு சொன்னார்.

அவர் வெட்கப்படவேண்டிய தேவை இல்லை. புகழ் பெற்ற ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் சினிமாவோடு வந்ததல்ல. எமது பாட்டன், பூட்டன் பெயர்களைப் பார்த்தாலே அது விளங்கும். புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளைகள் நாகம்மாவாகவும் நாகலிங்கமாகவும் வளர்ந்தார்கள். வற்றாப்பளை அம்மனை நினைத்துக் கண்ணகி, கண்ணம்மா என்றார்கள். முருகனின் பெயரால் கந்தையா, முருகேசு, வேலுப்பிள்ளை என்று வீட்டுக்கு வீடு இருந்தார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இதே கதைதான். இராயப்பு என்றால் பேதுரு. சின்னப்பு என்றால் பவுல். அருளப்பு என்றால் யோவான். சூசைப்பிள்ளை என்றால் யோசேப்பு. பதுவை அந்தோனியார் 1231 இல் இறந்தார். ஓர் ஆண்டு முடியுமுன், 1232 இலேயே, புனிதராக அறிவிக்கப்பட்டார். அவ்வளவு வேகமாகப் பரவிய புகழ் எமது கரையோரக் கிராமங்களில் இன்றும் அந்தோனிப்பிள்ளையாக நடமாடுகின்றது. 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுவதைப் பங்குக்குரு கவனிக்கவேண்டும் என்றது. 1983 ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தளர்த்தி, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரைத் தவிர்த்தால் போதும் என்று சொல்கின்றது. ஆகவே திரைப்படப் பெயர் என்பதற்காக எவரும் எவரையும் வாசலில் திருப்பி அனுப்ப முடியாது.

புனிதர்களுக்குப் பின் தலைவர்கள் வந்தார்கள். காந்தி, நேரு, சுபாஷ் சந்திரபோஸ், இந்திரா என்ற பெயர்களோடு எமது ஊர்களில் பலர் வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி தம் மகனுக்கு ஸ்டாலின் என்று பெயரிட்ட கதை பலரும் அறிந்தது. பிள்ளை 1953 மார்ச் 1 இல் பிறந்தது. சோவியத் தலைவர் ஸ்டாலின் மார்ச் 5 இல் இறந்தார். இரங்கற் கூட்டத்திலேயே பெயர் அறிவிக்கப்பட்டது. அந்த நாட்களில் வெளியான ஒரு மரணச் செய்தி, எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு முதலமைச்சரின் பெயராக நின்றது.

அடுத்து வந்தது திரையும் வானொலியும். சரோஜா, பத்மினி, சாவித்திரி முதலிய பெயர்கள் நடிகைகள் வருமுன்னரும் இருந்தவைதான். ஆனால் கூடாரக் கொட்டகையில் படம் பார்த்துவிட்டு மாட்டுவண்டியில் திரும்பிய தலைமுறைக்கு அவை புதிய மினுக்கத்தோடு கேட்டன. மலைநாட்டிலிருந்து 1958, 1977 வன்செயல்களால் விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய மக்களிடம் எம்.ஜி.ஆர். மீது தனிப் பற்று இருந்தது. அவரும் 1917 இல் இலங்கையில், மலைநாட்டில் பிறந்தவர் அல்லவா? ராமச்சந்திரன் என்ற பெயருக்கு அந்தக் குடும்பங்களில் இருந்த மதிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

இலங்கை வானொலியை நாம் மறக்கலாகாது. அதன் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் பிள்ளையின் பெயர், ஊர், வாழ்த்தும் அப்பா, அம்மா, அம்மம்மா, மாமா, மாமி என்று வரிசையாக வாசிப்பார்கள். நல்ல குரலில், நல்ல உச்சரிப்பில் ஒரு பெயரைக் கேட்பது பெரிய விடயம். வயிற்றில் பிள்ளையோடு அடுப்படியில் இருந்த எத்தனையோ தாய்மார் அந்தப் பட்டியலிலிருந்தே பெயரைப் பொறுக்கினார்கள். 1990களில் வன்னியில் மின்சாரமும் இல்லை, மின்கலமும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்திலும் பெயர்கள் காற்றில் வந்துகொண்டுதான் இருந்தன. 1990 இல் வந்த 'அஞ்சலி', 1992 இல் வந்த 'ரோஜா' போன்ற படங்கள் பெண்பிள்ளையின் பெயரையே தலைப்பாகக் கொண்டிருந்தன. படம் பார்க்காதவருக்கும் பாட்டு கேட்டது, பெயரும் கேட்டது. இன்று தொலைக்காட்சித் தொடர் ஓடும் வீட்டில், பெயர் ஒவ்வொரு நாளும் நூறு தடவை காதில் விழுகின்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் ஆசைப்பட்டு எடுக்கும் நட்சத்திரப் பெயர்களில் பல, அந்த நட்சத்திரங்களின் சொந்தப் பெயரே அல்ல. ரஜினிகாந்தின் இயற்பெயர் சிவாஜி ராவ், கே. பாலசந்தர் 1975 இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அவரை அறிமுகப்படுத்தியபோது பெயரையும் மாற்றினார். 'சிவாஜி' என்பதோ கணேசனுக்கு நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்ததற்காகப் பெரியார் தந்த பட்டம். குஷ்பு, நக்கத் கான் என்ற பெயரில் பிறந்தவர். 1981 இல் பிரித்தானிய இளவரசரின் திருமணத்துக்குப் பின் உலகெங்கும் டயானா என்ற பெயர் இனித்தது. எமது ஊர்களிலும் டயானாக்கள் இருக்கிறார்கள். ஆனால் கேரளக் குடும்பம் ஒன்றில் டயானா மரியம் குரியன் என்ற பெயரோடு பிறந்த பெண், 2003 இல் படத்துக்கு வந்தபோது அதை விட்டுவிட்டு நயன்தாரா ஆனார்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். ஷேர்லி என்பது ஆங்கிலத்தில் முதலில் ஆண்களுக்குரிய பெயராக இருந்தது. 1849 இல் சார்லட் பிராண்டி எழுதிய ஒரு நாவலின் கதாநாயகிக்கு அந்தப் பெயர் வந்தபின் பெண் பெயராகியது. 1930களில் ஷேர்லி டெம்பிள் என்ற சிறுமி திரையில் ஆடிப் பாடியபோது அமெரிக்கா முழுவதும் ஷேர்லிகள் பிறந்தார்கள். ஜெர்மனியில் நடந்ததுதான் யோசிக்கவேண்டியது. கெவின் என்ற சிறுவனைப் பற்றிய ஹொலிவூட் படம் ஒன்று அங்கு வந்த 1991 ஆம் ஆண்டில், ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் கெவின். நாள் செல்ல, அது ஏழைக் குடும்பங்களின் பெயர் என்ற எண்ணம் பரவியது. 2009 இல் ஓல்டன்பேர்க் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று, தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலர் கெவின் என்ற பெயரைக் கண்டாலே குழப்படிகாரப் பிள்ளை என்று எண்ணியதை வெளிப்படுத்தியது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கு முன்னரே தீர்ப்பு! ஊரை விட்டு வந்த பிள்ளைகள் 'அகதிப் பிள்ளை' என்று பின்வாங்கில் இருத்தப்பட்டதை அனுபவித்த எமது மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லாவற்றையும் நட்சத்திரத்தின் மேல் போடுவதும் பிழை. ஸ்டான்லி லீபர்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்தார். மரிலின் மன்றோ புகழ் பெறுவதற்கு முன்னரே மரிலின் என்ற பெயர் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிவிட்டது என்கிறார் அவர். பெயருக்குள் இருக்கும் ஓசைதான் பல தடவை முதலில் பரவுகின்றது; நடிகர் பின்னால் வந்து அதற்கு உரம் போடுகிறார். நெல்லைப் போலத்தான். ஆட்டக்காரியும் மொட்டைக்கறுப்பனும் விதைத்த ஊரில் ஒருவர் எச்-4 போட்டார். வரம்பில் நின்று பார்த்தவர்கள் அடுத்த போகம் தாமும் போட்டார்கள். ஊரே போட்டபின் வேறு இனம் தேடினார்கள்.

எமது பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். 'ஷன்', 'ஜன்', 'ஷா', 'ஜா', 'இகா' என்ற வால்கள்! முன்னுக்கு எதை வைத்தாலும் வால் ஒன்றுதான். எந்த அகராதியிலும் பொருள் இல்லாத பெயர்களும் இவ்வாறு பிறக்கின்றன. தாய் பெயரில் பாதி, தந்தை பெயரில் பாதி சேர்ப்பவர்களும் உண்டு. இதற்கு நட்சத்திர எழுத்து ஒரு காரணம். அசுவினியில் பிறந்தால் சு, சே, சோ, லா. உரோகிணி என்றால் ஓ, வா, வி, வு என்று பஞ்சாங்கம் சொல்லும். அந்த எழுத்தில் பழைய பெயர் கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்றைப் படைக்கிறார்கள். அதற்கு மேல் எண்சாத்திரம் வந்து, ஆங்கில எழுத்துக்களுக்கு இலக்கம் போட்டுக் கூட்டி, இன்னொரு 'ஏ' சேர் என்கின்றது. ஒரு 'ஏ' கூடியதால் எவருக்கும் வயல் விளைந்ததை நாம் காணவில்லை.

எதிர்த் திசையிலும் ஓர் இயக்கம் இருந்தது. வேதாசலம் 1916 இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கித் தம் பெயரை மறைமலையடிகள் என்று மாற்றினார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இத்தாலியக் குருவான பெஸ்கி வீரமாமுனிவர் ஆகியிருந்தார். வன்னியிலும் 2009 வரையான ஆண்டுகளில் தூய தமிழ்ப் பெயருக்கு ஊக்கம் இருந்தது. பேக்கரி வெதுப்பகமாகிய காலத்தில் பிள்ளைகள் யாழினி, தமிழினி, கயல்விழி, அறிவழகன் என்று பிறந்தார்கள். அதே காலத்தில், சோதனைச் சாவடியில் பெயரைக் கேட்டே ஆளை மறிக்கிறார்கள் என்று அஞ்சி, சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவாகக் கேட்கும் ரோஷான், நிரோஷா போன்ற பெயர்களைத் தேடிய பெற்றோரும் இருந்தார்கள். இருவரையும் நாம் குறை சொல்லமாட்டோம். காணி, வீடு, மாடு எல்லாம் விட்டு வந்தவர்கள் காசில்லாமல் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதாக இருந்தது பெயர் ஒன்றுதான்.

எமக்குக் கவலை வேறிடத்தில். பெயர் அழகாக இருக்கட்டும்; அது எல்லாக் கடதாசியிலும் ஒரே பெயராக இருக்கின்றதா? முத்தையா முரளிதரன் உலகறிந்த பந்துவீச்சாளர். தமிழில் அவர் பெயருக்கு ஒரே எழுத்துத்தான். ஆங்கிலத்திலோ சிலர் 'டி' போட்டும் சிலர் 'டிஎச்' போட்டும் எழுதினார்கள். அவருக்கு அதனால் நட்டம் இல்லை. எமது விவசாயிக்கு உண்டு. தந்தையின் காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் 'தவராசா'. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'தவராஜா'. முகாமில் பதிந்தபோது அவசரத்தில் சொன்ன வீட்டுப் பெயர் 'அப்பன்'. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க, தூரத்திலிருந்து பிரதேச செயலகத்துக்குப் பஸ் ஏறி, சத்தியக்கடதாசி முடித்து, எத்தனை நாட்கூலி இழந்தார்! பழைய எளிய பெயருக்கே இப்பாடு என்றால், தாய் 'ஷ' என்றும் தந்தை 'ச' என்றும் மாமன் 'எக்ஸ்' என்றும் சொல்லும் பெயருக்கு என்ன நடக்கும்?

சட்டப்படி பிறப்பை 42 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவாகி வேலை கூடும். எமது வழக்கில் 31 ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பதினொரு நாள் மிஞ்சும். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப் போடவேண்டாம். பெயரின்றிப் பதிந்து பின்னர் பெயரைச் சேர்க்கவும் வழி உண்டு. பதிவாளரிடம் வாயால் சொல்லாமல், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பதிவாளர் எழுதியதைக் கையொப்பம் வைக்குமுன் வாசித்துப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளை ஒன்றைக் கூட்டிச் செல்லுங்கள். திருமுழுக்குப் பதிவேட்டிலும், கிளினிக் அட்டையிலும், பள்ளிக்கூடத்திலும் அந்தத் தாளிலுள்ள எழுத்தே வரட்டும்.

அன்று அந்தக் குடும்பத்தாரும் மரநிழலில் இருந்து அரை மணித்தியாலம் வாதாடினார்கள். கடைசியில் தந்தையின் 'ச'வே நின்றது. தாய்மாமன் அதை ஆங்கிலத்தில் எழுதி, கைத்தொலைபேசியில் இருந்ததை அழித்தார். தாய் அந்தத் தாளை மடித்துக் கிளினிக் அட்டைக்குள் வைத்தார். நாம் புறப்படும்போது ராசா அம்மம்மாவின் மடியில் நித்திரை.