நாய்க் காப்பகத்தில் ஒரு பெருக்கல் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு, மார்கழி மாதத்தில் ஒரு விடியற்காலை. எங்கள் ஊர்ப் பிராணிகள் காப்பகத்தின் வாசலில் யாரோ ஓர் அட்டைப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திறந்து பார்த்தால் 6 நாய்க்குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை. பிறந்து இரண்டு மூன்று நாட்கள்தாம் இருக்கும். கையில் எடுத்தபோது ஈரத் துணியைப் போலச் சில்லென்று இருந்தன. என்னுடன் வந்திருந்த கல்லூரி மாணவன் டீக்கடைக்கு ஓடிப் பால் வாங்கி வந்துவிட்டான். நல்ல மனம்தான். ஆனால் எங்களுடன் தொண்டு செய்யும் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"முதல்லே சூடு, அப்புறம்தான் தம்பி பால்!"

நான் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவன். நாய்களைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அன்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே என் பாடம் இருக்கிறதே!

குட்டி ஏன் சில்லிட்டது?

பக்கம் 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் கன அளவு 1000 கன செ.மீ.; மேற்பரப்பு 600 சதுர செ.மீ. பக்கத்தை 20 செ.மீ. ஆக்கினால் கன அளவு 8000, மேற்பரப்பு 2400. அதாவது, உருவம் சிறியதாக இருந்தால், உள்ளே இருக்கும் பொருளுக்கு வெளிப்பரப்பு அதிகம். உடல் வெப்பத்தை உண்டாக்குவது உள்ளே இருக்கும் தசை. அதை இழப்பது வெளியே இருக்கும் தோல். 15 கிலோ எடையுள்ள தெரு நாயையும் 300 கிராம் எடையுள்ள குட்டியையும் ஒப்பிட்டால் எடையில் 50 மடங்கு வேறுபாடு. 50இன் கனமூலம் ஏறத்தாழ 3.7. ஆகவே, கிலோவுக்குக் கிலோ பார்த்தால், குட்டியின் தோற்பரப்பு தாயினுடையதைப் போல் கிட்டத்தட்ட 3.7 மடங்கு. வெப்பமும் அவ்வளவு விரைவாக வெளியேறும்.

நமக்குக் குளிரெடுத்தால் உடல் நடுங்குகிறது. நடுக்கம் என்பது தசைகள் வேலை செய்து வெப்பம் உண்டாக்கும் ஏற்பாடுதான். பிறந்த முதல் சில நாட்களில் நாய்க்குட்டிக்கு அந்த நடுக்கமும் வராது. தாயின் வயிறே அதற்கு அடுப்பு. அடுப்பு இல்லாமல் உடல் குளிர்ந்துவிட்டால் குடலின் அசைவு நின்றுவிடுகிறது. அப்போது ஊட்டும் பால் செரிக்காமல் உள்ளேயே கெடும். சில சமயம் நுரையீரலுக்குள்ளும் போய்விடும்.

ஆகவே வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். பெட்டியின் ஒரு பாதியில் மட்டும்தான். அதிகம் சுட்டால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டுமல்லவா? இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பால். அதுவும் டீக்கடைப் பால் அல்ல. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு உண்டு. பசும்பாலை மட்டும் கொடுத்தால் குட்டி வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கும். அதற்கென்று விற்கும் பால் மாவைக் கால்நடை மருத்துவர் வரவழைத்துத் தந்தார். ஆறில் நான்கு பிழைத்தன.

ஒரு பெருக்கல்

எங்கள் காப்பகம் பழைய நெல் மண்டி ஒன்றில் இருக்கிறது. 40 விலங்குகளுக்கு இடம். நோயில்லாத, அல்லது குணமாகக்கூடிய எந்த விலங்கையும் இடமில்லை என்ற காரணத்துக்காகக் கொல்வதில்லை என்பது எங்கள் விதி. (இம்முறையைப் பின்பற்றும் அமெரிக்கக் காப்பகங்கள், வந்த உயிர்களில் 100க்கு 90 உயிரோடு வெளியேற வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கின்றன. மீதி 10, தீராத வேதனையில் இருப்பவற்றுக்காக. அந்த முடிவை மருத்துவர்தாம் எடுக்க வேண்டும்.) சம்பளம் வாங்குபவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் எல்லோரும் தொண்டர்கள்: பூக்கடைக்கார அம்மா ஒருவர், தபால்காரர் ஒருவர், என் மாணவர்கள் சிலர்.

தொடங்கிய புதிதில் எங்கள் கவலையெல்லாம் 'இன்னும் 10 கூண்டு கட்டப் பணம் வேண்டும்' என்பதுதான். ஒரு நாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் கொண்டிருந்தபோது எனக்கு ஒரு விதி நினைவுக்கு வந்தது. அதை 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் நிறுவினார். மிக எளிய விதி. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள்? நாளொன்றுக்கு வருபவர்களின் எண்ணிக்கையை, ஒருவர் தங்கும் சராசரி நாட்களால் பெருக்கினால் அதுதான் விடை. ரேஷன் கடை வரிசைக்கும் இதுவே. ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் இதுவே.

நாளுக்கு 2 நாய்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் 20 நாட்கள் தங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 2 × 20 = 40. கொட்டகை சரியாக நிறைந்திருக்கும். தங்கும் நாட்கள் 30 ஆனால் 60 நாய்கள், நெருக்கடி. 15 ஆகக் குறைந்தால் 30தான். ஒரு செங்கல்கூட வைக்காமல் 10 கூண்டு கட்டியாயிற்று!

இதில் ஒரு சிக்கல் உண்டு. சராசரி என்பது பொல்லாதது. 40 நாய்களில் 39 நாய்கள் 10 நாட்களில் வெளியேறுகின்றன. ஒன்று மட்டும் 10 ஆண்டு, அதாவது 3650 நாட்கள், தங்கிவிடுகிறது. சராசரி என்ன? போட்டுப் பாருங்கள். 101 நாட்கள்! அந்த ஒன்று எங்களிடம் இருந்தது. லாரியில் அடிபட்டு ஒரு காலை இழந்த, ஒரு கண் தெரியாத கிழட்டு நாய். 'மணி' என்று கூப்பிடுவோம். மணியை எவரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கொல்லும் காப்பகமாக இருந்தால் கணக்கு ஒரே ஊசியில் நேராகிவிடும். கொல்லாத காப்பகம் வேறு வழி தேட வேண்டும். பூக்கடை அம்மாதான் தேடினார். தம் தெருவிலேயே திண்ணை வைத்த வீட்டுக்காரர் ஒருவரிடம், "சாப்பாடு நாங்க கொண்டாந்து தர்றோம். படுக்க மட்டும் இடம் குடுங்கய்யா" என்று கேட்டார். மணி அந்தத் திண்ணையில் நான்கு ஆண்டுகள் இருந்தது.

தொண்டர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு விலங்குக்குச் சுத்தம் செய்யவும் உணவு வைக்கவும் நாளுக்குக் குறைந்தது 15 நிமிடம் வேண்டும் என்பது இத்துறையினர் கையாளும் அளவு. 40 விலங்குகளுக்கு 600 நிமிடம். 10 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வந்து நின்று ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். புதன்கிழமை இரண்டு பேர். பரீட்சை மாதத்தில் அதுவும் இல்லை. நாய்களுக்குப் பரீட்சை கிடையாதே!

என் தவறு

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த நானே ஒரு முறை பெரிய பிழை செய்தேன். புதிதாக வரும் குட்டிகளை 14 நாட்கள் தனிக் கொட்டகையில் வைக்க வேண்டும் என்பது விதி. அன்று தனிக் கொட்டகை நிறைந்திருந்தது. இரண்டு மாதம் ஆன 5 குட்டிகளை ஒரு பையன் சாக்கில் கொண்டு வந்தான். ஆட்டம் பாட்டமாக, நல்ல ஆரோக்கியமாகவே தெரிந்தன. திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. மற்ற 8 குட்டிகளோடு சேர்த்து விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஒன்று சாப்பிடவில்லை. ஆறாம் நாள் வாந்தி, இரத்தக் கழிச்சல். பார்வோ வைரஸ். பத்து நாட்களுக்குள் 13இல் 9 போய்விட்டன. முன்பிருந்த 8 குட்டிகளும் அந்த வாரம் தடுப்பூசிக்காகக் காத்திருந்தவை.

பார்வோ நாய்களிடையே 1978இல் கண்டறியப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய நோய். உடலில் நுழைந்த பிறகு அறிகுறி தெரியச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அதனால்தான் அந்த 14 நாட்கள். குட்டி ஆடிப் பாடுகிறதா என்பது சோதனையே அல்ல, நாட்கள்தாம் சோதனை. தரையைச் சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் இது போகாது. ஏன் தெரியுமா? சில வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்து வைரஸைக் குலைத்துவிடும். பார்வோவுக்கு அந்த உறை கிடையாது; புரத ஓடு மட்டுமே. மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் அதை அழிக்கும். அதுவும் முதலில் அழுக்கை நன்றாகக் கழுவிய பிறகே. அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் எல்லாம் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும்.

மண் தரையை மூன்று மாதம் பூட்டி வைத்தோம். பிறகு சிமெண்டு போட்டோம். அன்று 5 குட்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தால் 8 பிழைத்திருக்கும். அனுப்பப்பட்ட 5க்கு என்ன ஆகியிருக்கும்? அதற்கு என்னிடம் பெருக்கல் இல்லை.

பத்து நாட்கள்

கொழுப்புறை என்றேன். ரேபிஸ் என்னும் வெறிநோய் வைரஸுக்கு அந்த உறை உண்டு. நாய் கடித்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்வது இதனால்தான். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். கழுவியதும் ஆஸ்பத்திரி. கீறல்தானே என்று வீட்டில் மறைக்காதீர்கள். வெறிநோய் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து மீள்வது அரிதினும் அரிது.

கடித்த நாயை அடித்துக் கொல்வதுதான் எங்கள் ஊர் வழக்கமாக இருந்தது. இதில் இரக்கத்தை ஒதுக்கிவிட்டு விஞ்ஞானத்தை மட்டும் பாருங்கள். நாயின் உமிழ்நீரில் வைரஸ் வருவது, நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்புதான். குறி தோன்றியபின் நாய் சில நாட்களில் இறந்துவிடும். ஆகவே கடித்த நாய் 10 நாட்கள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் வைரஸ் இல்லை. அடைத்து வைத்துப் பார்க்கப்படும் நாய் நமக்கு ஒரு செய்தி தருகிறது. அடித்துப் புதைத்த நாய் ஒன்றும் சொல்லாது. ஆனால் கடிபட்டவர் அந்த 10 நாட்கள் காத்திருக்கக் கூடாது. ஊசியை அன்றே தொடங்க வேண்டும். எங்கள் காப்பகத்தில் இதற்கென்று இரட்டைக் கதவுள்ள ஒரு கூண்டு உண்டு. முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக் கொண்டவர்கள்தாம் அதன் அருகே போவார்கள்.

இனி, தெருவில் இருக்கும் நாய்கள். சென்னையில் 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யும் திட்டத்தை 1964இலேயே முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்றுக் கொண்டது 1996இல். 2001இல் நாடு முழுவதற்கும் விதிகள் வந்தன. 2023இல் அவை புதிதாக எழுதப்பட்டன. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, காது நுனியில் சிறு வெட்டு அடையாளம் இட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 100க்கு 70 நாய்களுக்காவது ஊசி போட வேண்டும் என்பார்கள். ஒரு வெறிநாய் சராசரியாக 2 நாய்களுக்கும் குறைவாகவே நோயைக் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் 50க்கும் குறைவாகவே போதும். பின் ஏன் 70? ஊசி போட்ட நாய்கள் இறக்கின்றன. ஊசி போடாத குட்டிகள் பிறக்கின்றன. ஓட்டைக் குடத்தில் பாதி தண்ணீர் நிற்க வேண்டுமானால் பாதிக்கு மேல் ஊற்றித்தானே ஆக வேண்டும்?

2025 ஆகஸ்டு 11இல் தில்லிப் பகுதித் தெரு நாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22ஆம் தேதி அதை மாற்றி, ஊசி போட்ட நாய்களை மீண்டும் விடலாம், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விடக்கூடாது என்றது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. கடிபட்ட குழந்தையின் பெற்றோர் கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெருக்கலை ஒரு முறை போட்டுப் பாருங்கள். கருத்தடைக்கு வந்து 6 நாட்களில் திரும்பும் நாய்கள் நாளுக்கு ஒன்று என்றால், எங்களுக்கு வேண்டியது 6 கூண்டு. அதே நாய் ஆயுள் முழுவதும், 10 ஆண்டு, தங்கும் என்றால் 3650 கூண்டு. எங்கள் ஊர் முழுவதையும் நெல் மண்டியாக்கினாலும் போதாது.

எங்கள் பதிவேட்டை இப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதுகிறாள். வந்த தேதி, போன தேதி, இடைப்பட்ட நாட்கள் என்று மூன்றே பத்திகள். மாதக் கடைசியில் சராசரி போட்டுக் கரும்பலகையில் எழுதிவிடுவாள். சென்ற மாதம் 17. போன வாரம் தனிக் கொட்டகை நிறைந்திருந்தபோது ஒருவர் இரண்டு குட்டிகளுடன் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "சார், இன்னும் மூணு நாள் கழிச்சுத்தான் இடம் காலியாகும். அதுவரைக்கும் இவர் வீட்டிலேயே வெச்சிருக்கச் சொல்லுங்க. பெட்டியும் பால் மாவும் நான் தந்து விடுறேன்" என்றாள். அவர் ஒப்புக் கொண்டார். அந்த இரண்டும் இப்போது தனிக் கொட்டகையில் இருக்கின்றன. இன்று நான்காம் நாள்.