எடை போட்ட குப்பையும் போடாத குப்பையும்

அரியலூர்ப் பக்கம் போனால் மண்ணில் கல்லாகிப்போன சங்கும் சிப்பியும் பார்க்கலாம். "கடல் எங்கே, அரியலூர் எங்கே?" என்கிறீர்களா? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல்தான் அலையடித்தது. பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது; வயது சுமார் 12 கோடி ஆண்டுகள்! அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் அரியலூரில் இத்தனை சிமெண்டு ஆலைகள்.

அந்த ஆலைகளுக்கு இப்போது வேறொரு சரக்கும் லாரியில் வருகிறது. எல்லாம் நம் வீட்டுக் குப்பைதான்! பழைய சாமான் வியாபாரிகூடத் தொடாத பிஸ்கட் உறை, ஷாம்பு உறை, சிப்ஸ் பொட்டலம் முதலியவற்றை நகரசபைகள் கட்டி அனுப்புகின்றன. 1,400 டிகிரிக்கு மேல் தகிக்கும் சூளைக்கு, நிலக்கரியோடு அதுவும் எரிபொருளாகிறது.

லாரி எடை மேடையில் ஏறுவதால் அந்தக் குப்பைக்குக் கணக்கு உண்டு. தெருமுனையில் கொளுத்திய குவியலுக்கு? ஓடையில் எறிந்த பைக்கு?

இந்தக் கேள்வி சாமானியமானதல்ல. 2020-21-ல் நாட்டின் பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன் என்றது நமது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 2024-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்களோ, இந்தியாவில் சிதறிப் போவதும் வெளியில் எரிவதும் மட்டுமே ஆண்டுக்கு 93 லட்சம் டன் என்றார்கள். கிராமத்துக் குப்பையும் கொளுத்திய குப்பையும் சர்க்கார் கணக்கில் ஏறவில்லை என்பது அவர்கள் கட்சி. மொத்த வரவைவிடச் சிந்தியது அதிகம் என்றால், எந்தக் குடும்பத்தில்தான் சண்டை வராது?

உலகக் குடும்பத்திலும் அதே கதைதான். பிளாஸ்டிக்குக்கு ஓர் உலக ஒப்பந்தம் வேண்டுமென 2022 மார்ச்சில் நைரோபியில் தீர்மானித்தார்கள். 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியவர்கள் உடன்பாடு காணாமலே கலைந்தார்கள். "உற்பத்தியையே குறையுங்கள்" என்றன பல நாடுகள். "குப்பையைச் சமாளித்தால் போதும்" என்றன எண்ணெய் வள நாடுகள். உற்பத்திக்கு வரம்பு கட்ட நமது நாடும் இசையவில்லை. ஆனால், 2019-ல் உலகப் பிளாஸ்டிக் கழிவில் மறுபடி பொருளாக மாறியது 100-க்கு 9 பங்குதான் என்கிறது கணக்கு. சூளைகளை மட்டும் நம்பினால் போதுமா?

சகோதரிகளே, பால் கணக்கும் சலவைக் கணக்கும் பிசகாமல் எழுதுகிறவர்கள் நீங்கள். ஒரு வாரம் வீட்டுப் பிளாஸ்டிக்கைத் தனிப் பையில் சேர்த்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் கடைக்கு மஞ்சப்பை எடுத்துப் போய்விட்டு, மறுபடி நிறுங்கள். முள் எவ்வளவு இறங்கியது என்று உங்களுக்கே தெரியும். ஜெனீவாவில் பெரியவர்கள் கேட்டதும் அந்த ஓர் எண்ணைத்தானே!