கண் சிமிட்டச் சொல்லும் செயலி

வங்கிச் செயலியில் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பைச் செய்யும்போது கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்வார்கள். எதிரே இருப்பது புகைப்படமல்ல, ஆள்தான் என்று உறுதிப்படுத்தும் சோதனை அது. அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூனால் சிமிட்ட முடியவில்லை, கேஒய்சியும் முடியவில்லை. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பார்வையற்றவர் தொடுத்த இன்னொரு மனுவையும் சேர்த்து விசாரித்த நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்றது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி, கைரேகையை ஏற்பது, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை ஓர் அலுவலர் பரிசீலிப்பது என 20 உத்தரவுகளையும் இட்டது.

தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் கையிலிருக்கும் செல்போன் இன்னும் முழுதாக மாறவில்லை.

பார்வையற்றவர்கள் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் துணையோடு திரையைக் கேட்டுப் படிக்கிறார்கள். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று குரல் சொல்லும். செயலியை உருவாக்கியவர் பட்டனுக்குப் பெயர் எழுதாமல் விட்டிருந்தால், "அன்லேபிள்டு பட்டன்" என்று மட்டுமே கேட்கும். பணம் அனுப்பும் பட்டனா, ரத்து செய்யும் பட்டனா? தெரியாது. நிரலில் ஒரு வரி சேர்த்தால் தீரும் குறை இது. அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதை அலட்சியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வேறு வழியின்றிப் பக்கத்து வீட்டுப் பையனிடமோ கடைக்காரரிடமோ போனைக் கொடுத்து, பின் எண்ணையும் சொல்லிவிடுகிறார்கள். ஆபத்து இங்கேதான். ரகசிய எண்ணைப் பகிர்ந்ததால் பணம் போனால், வங்கியிடம் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் வாடிக்கையாளருடையது என்றது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. செயலியின் குறைக்கு மாற்றுத்திறனாளி தன் பணத்தால் விலை கொடுப்பது எந்த வகையில் நியாயம்? அப்படிப் பணம் போனால், முதல் வேலை வங்கிக்குத் தெரிவிப்பதுதான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லோரும் அணுகும்படி சேவையை அமைக்கும் பொறுப்பைச் சேவை தருபவர்மேல் வைக்கிறது. அரசுக்கு மட்டுமல்ல, தனியாருக்கும் அது பொருந்தும். விதிகளை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

செயலியில் இப்படிக் குறை இருந்தால், புகாரை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். "ஆப் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிப் பதில் வரும். எந்தத் திரை, எந்தப் பட்டன், டாக்பேக் என்ன சொன்னது, செயலியின் பதிப்பு எண், தேதி இவற்றை எழுதுங்கள். குரலோடு திரைப்பதிவும் சேர்த்தால் மறுக்க முடியாது. அதில் கணக்கு எண்ணோ ஓடிபியோ பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448. வங்கியல்லாத செயலிகள், அரசு இணையதளங்கள் பற்றிய புகாரை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமோ டெல்லியிலுள்ள தலைமை ஆணையரிடமோ கொடுக்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் இவர்களுக்கு உண்டு.