உப்பு ஜாடியில் ஒரு கணக்கு

கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்திற்குச் செல்லும் சாலையோரத்தில் கட்டம் கட்டமாக நீர் தேங்கிய பாத்திகளைக் காணலாம். முட்டுக்காட்டு உப்பங்கழியையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டிய தாழ்வான நிலம் அது. தொலைவிலிருந்து பார்த்தால் நாற்றங்கால் போலத் தோன்றும். ஆனால் பச்சை இராது. கோடையில் அதே பாத்திகளின் வரப்புகளில் வெள்ளை வெளேரென்று குவியல்கள் நிற்கும். அவைதாம் உப்பளங்கள்.

உடல்நலத்தைப் பேணவும் சுற்றுப்புறத்தைக் காக்கவும் அன்றாடம் என்ன செய்யலாம் என்று கேட்டால் நீண்ட பட்டியல் ஒன்றைத் தருவார்கள். பட்டியல்கள் எளிதில் மறந்துவிடும். நாம் அடுக்களையில் உள்ள ஒரே ஒரு ஜாடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கதையைக் கடலிலிருந்து தொடங்குவோம்.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புகள். எல்லாவற்றையும் சேர்த்துக் காய்ச்சி எடுத்தால் வாயில் வைக்க முடியாது, கசக்கும். உப்பளத்துக்காரரின் திறமையெல்லாம் இவற்றைப் பிரித்தெடுப்பதில்தான் இருக்கிறது.

இதற்காக அவர் நீரை ஒரே பாத்தியில் காயவிடுவதில்லை. முதலில் ஒரு பெரிய தேக்கத்தில் நிறுத்தி, பிறகு அடுத்தடுத்த பாத்திகளுக்குத் திருப்புகிறார். நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறுகிறது. இதை அளக்கப் போமே மானி என்னும் மிதவைக் கருவி உண்டு. கடல் நீர் அதில் சுமார் 3 பாகை காட்டும். 13 பாகையைத் தாண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். 25 பாகையை எட்டியதும் சோடியம் குளோரைடு படிகமாகிப் பாத்தியின் அடியில் இறங்கும். 29, 30 பாகை வரை விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகளும் கூடவே இறங்கிவிடும். அதற்கு முன்பே எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். மானி இல்லாவிட்டாலும் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். புதிய கோழி முட்டை கடல் நீரில் மூழ்கிவிடும். உப்பு மேலும் கரையாத அளவுக்குச் செறிந்த நீரிலோ தக்கைபோல மிதக்கும். இரண்டுக்கும் நடுவே எந்த அளவு உப்பில் அது மேலே எழும்புகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.

சுண்டிய பாத்திகளில் சில நேரம் நீர் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். சாயம் கலந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டாம். மிகுந்த உப்பைத் தாங்கும் டூனலியெல்லா என்னும் நுண்பாசியும், உப்பை விரும்பும் வேறு நுண்ணுயிர்களும் தரும் நிறம் அது. காரட்டிற்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினே இப்பாசியிலும் உள்ளது. பாசியை உப்பு நீர் இறால் தின்கிறது. அவ்விறாலைப் பூநாரை தின்கிறது. பூநாரையின் சிறகில் நாம் காணும் ரோஜா நிறம் இந்த வழியாக வந்த நிறமிகளால் உண்டாவதே.

எரிபொருள் கணக்கு

இனி சற்றுக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ உப்புக்குக் குறைந்தது 37 லிட்டர் கடல் நீர் வேண்டும். ஒரு கிலோ நீரை 30 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றி முழுதும் ஆவியாக்கச் சுமார் 2,550 கிலோ ஜூல் வெப்பம் செலவாகும். 37 கிலோவுக்கு ஏறத்தாழ 94,000 கிலோ ஜூல். சமையல் எரிவாயு அடுப்பில் எரியும் வெப்பத்தில் ஐந்தில் மூன்று பங்கு பாத்திரத்தில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், 14.2 கிலோ எரிவாயு உள்ள ஒரு முழு உருளையை எரித்தும் 4 கிலோ உப்புதான் கிடைக்கும்! நாலு பேர் உள்ள வீட்டில் அது நாலைந்து மாதத்திற்கு வரலாம்.

உப்பளத்தில் இத்தனை வேலையையும் வெயிலும் காற்றும் செய்து முடிக்கின்றன. கரி இல்லை, புகை இல்லை. நம் அடுக்களைக்கு வரும் பொருள்களில் இவ்வளவு குறைந்த எரிபொருளில் ஆவது வேறு எதுவும் உண்டா என்பது ஐயமே. கோவளத்திற்குத் தெற்கே நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் கடல் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இதற்கு நேர்மாறு: அங்கே நீரை எடுத்துக்கொண்டு உப்பைக் கடலுக்கே திருப்பிவிடுகிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டியிருக்கிறது.

ஆனால் வெயில் இலவசம் என்று நாம் சொல்வது சரி. அந்த வெயிலில் நின்று உப்பு வாருகிறவர் அப்படிச் சொல்லமாட்டார். தமிழ்நாட்டு உப்பளங்களில் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், தொழிலாளருள் பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதும், அவர்களுள் சிலருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருப்பதும் தெரியவந்தன. நிழலும் குடிநீரும் அருகில் இல்லாததே பெருங்குறை.

கடலில் இருக்கிறது, உப்பில் இல்லை

"நாம் கடலோரத்துக்காரர்கள், நமக்கு எதற்கு அயோடின் உப்பு?" என்று சொல்வோர் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. கடல் நீரில் அயோடின் இருப்பது உண்மை. ஆனால் ஒரு லிட்டரில் ஒரு மில்லி கிராமில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கிறது. பாத்தியில் சோடியம் குளோரைடு படிகமாகும்போது அயோடின் பெரும்பாலும் படிகத்துக்குள் புகாமல் நீரிலேயே நின்றுவிடுகிறது. கசப்பு நீரை வடிக்கும்போது அதுவும் போய்விடும். ஆகவே கேளம்பாக்கத்து உப்பாயினும் தூத்துக்குடி உப்பாயினும், தனியே சேர்த்தால் ஒழிய அதில் போதுமான அயோடின் இராது.

கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி தன் சுரப்பு நீரை உண்டாக்க அயோடினைத்தான் நம்பியிருக்கிறது. வளர்ந்தவருக்கும் உங்கள் வயதினருக்கும் நாளொன்றுக்கு 150 மைக்ரோ கிராம் போதும். எழுபது ஆண்டு வாழ்நாள் முழுவதற்கும் கூட்டினால் 4 கிராம்கூட ஆகாது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் இந்தச் சிறு அளவு கிடைக்காவிட்டால் சுரப்பி வீங்கிக் கழலை உண்டாகும். கருவுற்ற தாய்க்கு மிகக் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

இதை நம் நாட்டிலேயே நிலைநாட்டிக் காட்டியவர் மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசாமி. 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் அவரும் உடன் பணியாற்றியோரும் ஊர்களைப் பகுதிகளாகப் பிரித்தனர். சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. ஐந்தாறு ஆண்டுகளில் முதல் வகைப் பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்காக விற்பது 2006 மே முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது.

சேர்ப்பது என்ன பொருள்? பொட்டாசியம் அயோடேட். நம் நாட்டின் ஈரக் காற்றில் அயோடைடை விட இது நிலைத்து நிற்கும். தயாரிக்கும் இடத்தில் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 30 மில்லி கிராம் அயோடின் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும்போது 15க்குக் குறையக்கூடாது என்பது விதி. வழியில் பாதி போய்விடலாம் என்று சட்டமே எதிர்பார்க்கிறது பாருங்கள்! ஈரமும் வெயிலும் வெப்பமுமே காரணம். மீதிப் பாதியைக் காப்பது நம் கையில் இருக்கிறது. உப்பு ஜாடிக்கு இறுக்கமான மூடி வேண்டும். அடுப்பு மேடையில் வைக்கலாகாது. ஈரக் கரண்டி கூடாது. குழம்பு இறக்கும் தறுவாயில் உப்பிடுவது நல்லது. சில வீடுகளில் கல்லுப்பைக் கழுவி, அந்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். அயோடேட் கல்லின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது. அழுக்கோடு அதுவும் போய்விடும். கரைத்து வடிகட்டி, அந்த நீரையே சமையலுக்குப் பயன்படுத்தினால் அவ்வளவாக இழப்பு இல்லை.

உங்கள் வீட்டு உப்பில் அயோடின் உள்ளதா என்று பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியரின் துணையோடு காணலாம். சிறிதளவு உப்பின்மேல் ஆறிய ஸ்டார்ச்சுக் கரைசல், ஒரு துளி நீர்த்த அமிலம், பொட்டாசியம் அயோடைடு கரைசல் இரு துளி இடவேண்டும். நீலம் தோன்றினால் அயோடேட் இருக்கிறது.

எவ்வளவு உண்கிறோம்?

இப்போது கதை சற்றுச் சிக்கலாகிறது. உப்பு நல்லது என்று இதுவரை சொன்னோம், அதிகம் நல்லதன்று. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2017-18இல் நடந்த நாடளாவிய கணக்கெடுப்பில் இந்தியர் சராசரியாகச் சுமார் 8 கிராம் உண்பதாகத் தெரிந்தது.

மிகுதியான சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும் வரை, அதைக் கரைத்து வைக்க உடல் நீரைப் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தின் அளவு கூடுகிறது. குழாய்ச் சுவர்மீது அழுத்தம் ஏறுகிறது. ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில் தொடரும்போதுதான் இதயமும் மூளையும் சிறுநீரகமும் விலை கொடுக்கின்றன. 1988இல் வெளிவந்த ‘இன்டர்சால்ட்’ ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோரைச் சோதித்தது. அவர்களுள் அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்கள் உப்பே சேர்ப்பதில்லை எனலாம். அவர்களுக்கு வயது ஏறினாலும் இரத்த அழுத்தம் ஏறவில்லை! வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது இயற்கை விதி அன்று என்பதற்கு இது ஒரு சான்று.

"வேர்வையில் உப்புப் போகிறதே, ஈடு செய்ய வேண்டாமா?" என்று நம் ஊர் வெயிலை அறிந்தவர் கேட்பார். நாள் முழுவதும் உப்பளத்தில் உழைப்பவர்க்கு அது பொருந்தும். பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் போய்வரும் மாணவருக்கு முதல் தேவை தண்ணீர். உப்பு அன்றாட உணவிலேயே வேண்டியதற்கு மேல் இருக்கிறது. வயிற்றுப்போக்கு வேறு விஷயம்: அப்போது தரும் உப்பு-சர்க்கரைக் கரைசலில் உள்ள உப்பு மருந்து.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. புதிய உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன்மேல் எழுதிவையுங்கள். தீரும் நாளையும் குறியுங்கள். ஒரு கிலோ உப்பு நாலு பேருக்கு 30 நாள் வந்தது என்றால், 1,000ஐ 120ஆல் வகுக்க, ஆளுக்கு நாளொன்றுக்கு 8.3 கிராம். 50 நாள் வந்தால் 5 கிராம். இதில் பிழைகள் உண்டு. கீரை அலசிய உப்பும் கொட்டிப்போன ரசமும் வயிற்றுக்குள் போவதில்லை. மறுபுறம், கடையில் வாங்கும் சிப்ஸ், ஊறுகாய், அப்பளம், கருவாடு, பிஸ்கட் இவற்றின் உப்பு உங்கள் ஜாடியிலிருந்து வந்ததன்று. ஆனாலும் மருத்துவமனைக்குப் போகாமல், ஊசி குத்தாமல் செய்யக்கூடிய நல்ல மதிப்பீடு இது. ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து செய்தால் வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாடு வியப்பளிக்கும்.

குறைப்பது கடினமா? நாக்கு பழகிக்கொள்கிறது. ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். வாரத்திற்குச் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் பழைய அளவே கரிக்கும். புளி, எலுமிச்சை, மிளகு, கொத்துமல்லி ஆகியவை உப்பின் குறையை மறைக்கும். சோறு வடிக்கும்போது உப்புப் போடும் பழக்கத்தை விடுவது எல்லாவற்றிலும் சுலபம். தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயை அடியோடு விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்துப்புக்கு மாறினால் போதும் என்று நினைப்பது வீண். அதுவும் சோடியம் குளோரைடே. அதன் இளஞ்சிவப்பு சிறிதளவு இரும்பினால் வந்தது. பொட்டாசியம் கலந்த சோடியக் குறைவு உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. குழந்தைகளுக்கும் சிறுநீரக நோய் உள்ளோருக்கும் அது ஏற்றதன்று.

உப்பைக் குறைத்தால் அயோடினும் குறையாதா? கூர்ந்து படித்தவர் இதைக் கேட்டே தீருவார். கிலோவுக்கு 15 மில்லி கிராம் மட்டும் மிஞ்சிய உப்பில் 5 கிராம் உண்டால் 75 மைக்ரோ கிராம்தான் கிடைக்கும்; பாதித் தேவை. முழு 30 மில்லி கிராமும் காக்கப்பட்டால் அதே 5 கிராமில் 150 கிடைத்துவிடும். ஆகவே உப்பைக் குறைக்கும் வீட்டில்தான் ஜாடியின் மூடி இன்னும் முக்கியம். பால், முட்டை, கடல் மீன் ஆகியவற்றிலும் ஓரளவு அயோடின் உண்டு.

ஜாடியில் வேறொன்றும் வந்து சேர்கிறது. மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் இந்தியக் கடைகளில் விற்கும் உப்பைச் சோதித்து, அதில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் இழைகளும் இருப்பதைக் கண்டார்கள். கடல் நீரை மணலில் வடிகட்டியே பாத்தியில் விட்டால், எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் நீக்கிவிடலாம் என்றும் காட்டினார்கள். துகள்கள் உடலுக்கு என்ன செய்யும் என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் எங்கிருந்து வருகின்றன என்பதில் புதிர் ஏதும் இல்லை. கால்வாயிலும் உப்பங்கழியிலும் வீசும் உறை வெயிலில் நொறுங்கி, நீரோடு கலந்து, அலையோடு உப்பளத்துத் தேக்கத்திற்கே திரும்புகிறது. உப்பு வந்த உறையும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

உங்கள் வீட்டில் கல்லுப்பைக் கரைத்து வடிகட்டுவது வழக்கமானால், வடிதுணியில் எஞ்சுவதை வெள்ளைத் தாளில் உலர்த்தி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மணல் இருக்கும், களிமண் இருக்கும், ஜிப்சத் துணுக்குகள் இருக்கும். நீலமாகவோ சிவப்பாகவோ ஓர் இழை தென்பட்டால், அது துணியிலிருந்து வந்ததா உப்பிலிருந்து வந்ததா என்று அறிய, வெறும் நீரையும் அதே துணியில் ஒரு முறை வடிகட்டி ஒப்பிட வேண்டும்.