வெயிற்புண்ணும் வீட்டு மருந்தும்

இளவெயில், ஏறுவெயில், உச்சிவெயில், மஞ்சள் வெயில் எனக் கதிரவனின் ஒளியைப் பொழுது பார்த்துப் பெயரிட்டு அழைத்த மொழி நம்முடையது. வேனிலில் தோன்றும் வேர்க்குருவுக்கும் வேனற்கட்டிக்கும் பெயருண்டு. ஆயின், வெயிலில் நெடுநேரம் நின்ற தோல், தீப்பட்டாற்போல் எரிந்து, தொட்டால் நொந்து, பின் உரிந்து போகும் துன்பத்திற்கு எல்லார் நாவிலும் வழங்கும் ஒரு சொல் நம்மிடையே வேரூன்றவில்லை. கருத்த மேனியை வெயில் ஒன்றும் செய்யாது என்னும் நம்பிக்கை இதற்கு ஒரு காரணமாகலாம். 'வெயிற்புண்' என்னும் பெயரால் அதனை இங்குக் குறிப்போம்.

விடுமுறைக் காலமே இப்புண்ணுக்கு ஏற்ற காலம் எனலாம். நாள்தோறும் வயலில் உழைப்பவர் தலையில் துண்டும் முண்டாசும் கட்டி, உச்சிப்பொழுதில் மரநிழலில் ஒதுங்கத் தெரிந்தவர். ஆண்டு முழுதும் வகுப்பறையில் அமர்ந்திருந்துவிட்டு, சுற்றுலா என்றதும் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை கடற்கரையில் திரியும் மாணவரே இதற்கு இரையாகின்றனர். கன்னியாகுமரி, இராமேசுவரம் போன்ற கடலோரங்களில் வெப்பம் உறைக்கும். நாமும் எச்சரிக்கை கொள்வோம். ஏமாற்றுவது மலை. கோடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுகிறது. குளிர்காற்று வீசுவதால் தோல் வேவதை நாம் உணர்வதில்லை. மெல்லிய மேகமும் இக்கதிரை முழுதும் தடுப்பதில்லை. வெயிலுக்கு அஞ்சி நாம் ஏறும் அம்மலைக்கு, வெயிலைத் தேடி ஏறியவர்களும் உண்டு. 1899ஆம் ஆண்டு கோடைக்கானலில் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தை எண்ணிப் பார்க்குங்கால் இம்முரண் சுவை தருகிறது.

தோலைச் சுடுவது நாம் உணரும் வெப்பமன்று; கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரே. இதனை 1801இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் ரிட்டர். இக்கதிர் தோலின் உயிரணுக்களைத் தாக்குகிறது. அவற்றைச் சீர்செய்ய உடல் குருதியை அவ்விடத்திற்கு மிகுதியாக அனுப்புகிறது. அதனாலேயே சிவப்பும் எரிவும் வீக்கமும். இவை உடனே தோன்றுவதில்லை. சில மணி நேரங் கழித்துத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் உச்சமடைகின்றன. பகலில் நன்றாக இருந்தவர் இரவில் படுக்க இயலாமல் தவிப்பது இதனால்தான். தோலின் கருமை ஓரளவு காக்கும், முழுதும் காவாது. கருநிறத்தவர்க்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே உண்மை. தோல் இழுத்துப் பிடிப்பதும், தொட்டால் சூடாக இருப்பதும், ஆடை உராயும்போது வலிப்பதும் அவர்க்கு அடையாளங்களாகும்.

இனி மருந்து. முதல் மருந்து தண்ணீர். குழாய்த் தண்ணீரில் நனைத்த தூய பருத்தித் துணியைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் புண்ணின்மேல் இட்டு வைத்து, நாளில் பலமுறை இவ்வாறு செய்தல் வேண்டும். பனிக்கட்டியை நேரே வைத்தல் கூடாது. முன்னரே நொந்த தோலை அது மேலும் நோகச் செய்யும். வெந்த தோல் உடலின் நீரை இழப்பதால், தண்ணீர், நீர்மோர், இளநீர் ஆகியவற்றை மிகுதியாகப் பருகுதல் நலம்.

அடுத்தது சோற்றுக்கற்றாழை. சித்த மருத்துவம் இதனைக் 'குமரி' என்று அழைக்கும். மடலை வெட்டியதும் வழியும் மஞ்சள் நிறப் பாலை வடியவிட்டுக் கழுவிய பின்னரே உள்ளிருக்கும் சோற்றை எடுத்தல் வேண்டும். அப்பால் சிலருக்கு அரிப்பை உண்டாக்கும். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்துவிட்டு இடுவது அறிவுடைமை. இது தண்மையும் ஈரமும் தந்து எரிவைத் தணிக்கும். புண்ணை விரைந்து ஆற்றிவிடும் என்று நம்பியிருத்தல் வேண்டா. குளிர்ந்த மோரும் வெள்ளரித் துண்டும் செய்வது இதே தணிப்பைத்தான். சந்தனம் பூசுவோர், அது காய்ந்து இறுகுமுன் நனைத்துக் கழுவிவிடுதல் வேண்டும். காய்ந்ததைத் தேய்த்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும்! தேங்காய் எண்ணெய் நல்லதே; ஆனால் சூடு தணிந்து, தோல் வறண்டு உரியத் தொடங்கும்போதுதான். எரியும்போது எண்ணெயோ நெய்யோ வெண்ணெயோ தடவுதல் உள்ளிருக்கும் சூட்டை வெளியேறவிடாது அடைத்தலாகும்.

பற்பசை பூசும் வழக்கம் விடுதி மாணவரிடையே பரவலாக உள்ளது. அது எரிவை மிகுவிப்பதன்றி வேறு பயன் தாராது. அதனினும் தீயது எலுமிச்சைச்சாறு. கருமை நீங்குமென்று எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு மீண்டும் வெயிலில் இறங்குவோர் உளர். அச்சாற்றிலுள்ள ஒருவகைப் பொருள் புறஊதாக் கதிருடன் சேர்ந்து தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும். பின்னர்த் தோன்றும் கரும்படை மறையத் திங்கள் பல ஆகலாம். நிறத்தைப் பற்றிய நம் சமூகத்தின் வீண் ஏக்கம் இளையோரின் தோலில் எழுதும் தண்டனை இது. முகப்பருவுக்காக டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை உண்போரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அவர்தம் தோல் வெயிலில் எளிதில் வெந்துவிடும்.

ஹஜ், உம்ரா பயணம் மேற்கொள்ளும் பெரியோர்க்கும் இச்செய்தி பயன்படும். இஹ்ராம் நிலையில் ஆண்கள் தலையை மறைத்தலாகாது. எனினும் தலையில் படாத குடையைப் பிடிக்கத் தடையில்லை. நிழலையும், வெப்பத்தினின்று காக்கும் ஆடையையும் இறைவனின் அருட்கொடைகளாகத் திருக்குர்ஆனின் சூரத்துன் நஹ்ல் எடுத்துரைக்கின்றது. இஹ்ராமில் நறுமணப் பொருள் விலக்கப்பட்டிருப்பதால் சந்தனமும் பன்னீரும் அங்கே மருந்தாகா. எண்ணெய், களிம்பு ஆகியன குறித்து மத்ஹபுகளிடையே நுண்ணிய வேறுபாடுகள் உள்ளமையால், புறப்படுமுன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிதல் நன்று. தண்ணீரில் நனைத்த துணிக்கு அத்தகைய ஐயம் எதுவுமில்லை.

கொப்புளம் எழுந்தால் அதனைக் கிள்ளுதல் கூடாது. அதன் மேல்தோலே உள்ளிருக்கும் புண்ணுக்குப் போர்வை. கொப்புளங்கள் பரவலாக எழுந்தாலும், காய்ச்சலும் நடுக்கமும் வாந்தியும் கண்டாலும், புண் பட்டது ஒரு வயது நிரம்பாத குழந்தையாயினும் வீட்டு மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை நாடுதல் வேண்டும். வெயிலில் நின்றவர் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெயிற்புண் அன்று; உயிரைக் கவரும் வெப்பத்தாக்கு. நொடியும் தாழ்த்தாது அவரை நிழலுக்குக் கொணர்ந்து, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறியவாறே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

எளிய வெயிற்புண் சில நாள்களில் உரிந்து ஆறிவிடும். உரியும் தோலைப் பிய்க்காது தானே உதிரவிட வேண்டும். அடியில் தோன்றும் புதுத்தோல் மிக மென்மையானது. அது தேறும்வரை, முழுக்கைச் சட்டையும் குடையும் இன்றி உச்சிவெயிலில் செல்லலாகாது.