பெயர்ப்பலகையில் ஓர் எண்

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் என்பன அவை. முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான்காமவனை நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலம் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் விளைந்ததை என் அம்மிச்சியின் முழங்காலிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

அம்மிச்சி நாற்பது ஆண்டு தேங்காய்க் களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பருப்பு எடுத்தவர். முழங்கால் தேயாமல் என்ன செய்யும்? காங்கேயம் வந்து மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால், பனியன் கம்பெனிக்குப் போகும் என் தாயார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உடன் வரவேண்டும். எங்கள் ஊரிலோ, முன்பு எங்கோ கம்பவுண்டராக இருந்த ஒருவர் வீட்டுத் திண்ணையிலேயே ஊசி போடுகிறார். ஐம்பது ரூபாய்; இரண்டே நாளில் வலி போய்விடும். ஊரார் அவரை ‘டாக்டர்’ என்றே அழைப்பர். சில மாதங்களில் அம்மிச்சிக்கு முகம் வீங்கியது. இதுவரை இல்லாத சர்க்கரையும் ஏறியது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

“என்ன ஊசிங்க போட்டாங்க? சீட்டு இருக்குதுங்களா?” என்று கேட்டார் மருத்துவர்.

“சீட்டெல்லாம் அவரு எழுத மாட்டாருங்க சாமி. வெள்ளை மருந்துங்க” என்றார் அம்மிச்சி.

ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று ஊகித்துத்தான் அந்த மருத்துவர் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருந்தது. போட்டது இன்னதென்று எழுதிக் கையொப்பமிட்டவர் எவரும் இல்லை. மருத்துவப் பதிவு என்பது எதற்காக என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

பதிவு என்பது ஒரு பெயர்ப் பட்டியல், அவ்வளவே. இங்கிலாந்தில் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பட்டியலை உண்டாக்கியது. நம் சென்னை மாகாணத்தில் 1914-இல் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. தகுதி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று மக்களுக்கு அடையாளம் காட்டுவதே அதன் முதல் நோக்கம். தவறு செய்தவரின் பெயரை நீக்கவும் முடியும். பட்டியலின் வலிமையே அந்த நீக்கும் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அகில இந்திய அளவில் 1933-லும் பின்னர் 1956-லும் மருத்துவக் கவுன்சில் சட்டங்கள் வந்தன. பதிவு பெறாதவர் நவீன மருத்துவம் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை தண்டம் எனப் பின்பு ஒரு திருத்தம் சேர்ந்தது. ஆயிரம் ரூபாய் என்பது இருபது ஊசியின் வரும்படி! தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019, அந்தத் தண்டத்தை ஐந்து லட்சம் வரை உயர்த்தியிருக்கிறது.

ஆயின் தண்டத்தை உயர்த்தினால் திண்ணை வைத்தியம் நின்றுவிடுமா? இவ்விடத்தில் வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

நம் தாத்தாக்கள் காலத்தில் எல்.எம்.பி. டாக்டர் என்றொரு வகையினர் இருந்தனர். கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர்; மருத்துவப் பள்ளியில் குறைந்த ஆண்டுகள் படித்து உரிமம் பெற்றவர். பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியான இராயபுரம் மருத்துவப் பள்ளி அத்தகையோரை உருவாக்கிய இடங்களுள் ஒன்று. 1946-இல் போர் குழு அறிக்கை தந்தபோது நாட்டில் பதிவு பெற்றிருந்த மருத்துவர் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இவ்வகையினரே. இனி ஒரே தரத்து மருத்துவர் போதும், உரிமப் படிப்பு வேண்டாம் என்று குழு பரிந்துரைத்தது. உறுப்பினர் சிலர் மாறுபட்டனர். எனினும் பெரும்பான்மைக் கருத்தே நடைமுறைக்கு வந்தது. ஏழைக்கு மட்டும் இரண்டாந்தர மருத்துவர் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் எழுந்துபோன நாற்காலியில் யார் வந்து அமர்வார் என்று எவரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் கம்பவுண்டர் அமர்ந்தார்.

அசாம் மாநிலம் 2004-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றி, கிராமங்களுக்கென மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கியது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2014-இல் அச்சட்டத்தை நீக்கியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை வகுப்பது மத்தியச் சட்டத்தின் எல்லை, மாநிலம் அதற்கு முரணாகச் செய்ய இயலாது என்பது காரணம். இதற்கிடையில் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவே ‘சமுதாய நலவழங்குநர்’ என்று ஒருவருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்கிறது. அடிப்படைச் சிகிச்சையில் குறிப்பிட்ட மருந்துகளை மட்டும் அவர் தாமே தரலாம். மற்றவற்றுக்கு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். மாநிலத்துக்குக் கூடாதது மத்திய ஆணையத்துக்குக் கூடும் என்பது சட்டப்படி சரிதான். எங்கள் அம்மிச்சியிடம் இதை விளக்கிச் சொல்ல என்னால் ஆகாது.

சித்தம், ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. ஒன்றில் பெயர் இருப்பதாலேயே மற்றொன்றின் மருந்தைத் தரும் உரிமை தானாக வந்துவிடாது. அரசு தனியே இடம் தந்திருக்க வேண்டும். காய்ச்சலில் கிடந்த ஒருவருக்கு ஆங்கில மருந்து கொடுத்த ஓமியோபதி மருத்துவர், நோயாளி இறந்துபட்ட வழக்கில் மூன்று லட்சம் ரூபாய் ஈடு தரவேண்டுமென 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி அந்த நான்காமவருக்கு வருவோம். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற பேராசிரியர், கடற்படையில் காயத்துக்குக் கட்டுப்போட்டுப் பழகிய சிலரைச் சேர்த்து 1965-இல் மருத்துவ உதவியாளர் படிப்பைத் தொடங்கினார். ‘கம்பவுண்டர்’ அறிவை வீணாக்காமல் முறைப்படுத்திய செயல் இது எனலாம். இந்தியாவில் அப்படிப்பு முதலில் வந்தது நம் சென்னையில்தான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் அதைத் தொடங்கினார். நோயின் வரலாற்றைக் கேட்டுக் குறிப்பது, அறுவையில் கைகொடுப்பது, தையல் பிரிப்பது, மருத்துவர் வகுத்த சிகிச்சை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை இவர்கள் வேலை. தம் பொறுப்பில் தனியே சிகிச்சை நடத்துவது இவர்கள் வேலையன்று.

வேடிக்கை என்னவெனில், படித்து வெளியேறிய இவர்களுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சட்டத்தில் பெயரே கிடையாது. 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டமே இவர்களை அட்டவணையில் சேர்த்து, பதிவேடும் வேண்டும் என்றது. நம் வகுப்புத் தோழர்களின் தம்பி தங்கையர் இப்படிப்பில் சேர எண்ணினால், சேரும் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, படித்தபின் எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும் என்று கட்டணம் செலுத்தும் முன்னரே கேட்பது நல்லது. பெயருக்கு முன் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால் நம்ப வேண்டா.

2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவகத்திலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பணம் பெற்ற ரசீதிலுங்கூடக் காட்ட வேண்டும். இதை அறிந்தபின் காங்கேயம் கடைவீதியில் ஒரு மாலை பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பட்டங்களைப் பெரிதாக எழுதியவர் பலர். எண்ணை எழுதியவர் சிலர்.

அம்மிச்சிக்கு இப்போது சர்க்கரை அடங்கியிருக்கிறது. சீட்டுகளை வெற்றிலைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கிறார். எண்ணைப் பற்றிச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாஞ் செரி கண்ணு, ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்தா அந்த நெம்பர்க்காரரு நம்மூருக்கு வருவாரா?” என்றார். திண்ணையில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.